கைவிட்ட ராக் விடியோ: பழைய எடிட்டை அப்படியே விடணுமா, புதுசா எடிட் பண்ணணுமா?

பீடோக் பேஸ்:
ராக் குழுக்கள் காசைக் கொட்டி எடுத்துட்டு, கடைசியில அலமாரியில தூக்கிப் போட்ட விடியோக்களைப் பத்தி ஒரே ஒரு கேள்வி. பல வருசம் கழிச்சு அதை வெளியில விடறதுன்னா, அன்னிக்கு முடிச்சு வச்ச எடிட்டை அப்படியே விடணுமா, இல்ல ஃபுட்டேஜை (வெட்டாத மூலப் பதிவை) எடுத்து இன்னிக்குப் புதுசா எடிட் பண்ணணுமா?

நான் "அப்படியே விடு" கட்சி. கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவோட 'இட்ஸ் சோ ஈசி' விடியோவைப் பாருங்க. 1989ல ஹாலிவுட் கேட்ஹவுஸ் கிளப்புல நைஜல் டிக் எடுத்தது, 2018லதான் வெளியே வந்துச்சு. அதைத் தேடி வர்றவன் 1989ஐப் பார்க்கத்தான் வர்றான். 2018 ரசனைக்கு வெட்டி ஒட்டினா அவனுக்கு அதுல என்ன இருக்கு?

ஈசூன் எடிட்டர்:
அண்ணே, அது பெரிய லேபிள் (பாட்டு வெளியிடுற கம்பெனி) வேலை. நம்ம சிங்கப்பூர்ல டப்பாவுக்குள்ள கிடக்கிறது முக்கால்வாசி ரஃப் கட்தான், அதாவது முடிக்காத முதல் எடிட். மூலையில டைம்கோட் (நேரம் காட்டுற எண்) ஓடும், கலர் பார்த்திருக்க மாட்டாங்க, பாட்டும் கடைசி மிக்ஸா இருக்காது. அதை "இயக்குநரோட எடிட்"னு சொல்றது, சமையல் பாதியில அடுப்பை அணைச்சுட்டு இதுதான் பிரியாணின்னு பரிமாறுற மாதிரி.

பல விடியோ அலமாரிக்குப் போன காரணமே பாட்டுதான். டெமோவுக்கு (முன்னோட்டப் பதிவுக்கு) வாயசைச்சுப் படம் பிடிச்சிருப்பாங்க, அப்புறம் ஸ்டுடியோவுல பாட்டைத் திரும்பப் பதிவு பண்ணியிருப்பாங்க. டெமோ 120 பிபிஎம் (நிமிசத்துக்கு 120 பீட்), ஆல்பம் 122ன்னு வைங்க. கேட்கும்போது பெருசா வித்தியாசம் தெரியாது. ஆனா 480 பீட் உள்ள பாட்டு 240 விநாடியிலிருந்து 236க்கு வந்துடும். கடைசி கோரஸ்ல பாடகரோட வாய் நாலு விநாடி பின்னாடி நிக்கும். இந்த எடிட்டை எப்படி "அப்படியே" விடுவீங்க?

பீடோக் பேஸ்:
மொத்த எடிட்டையும் 101.67 சதவீத வேகத்துல ஓட்டு. 61 ஃபிரேமுக்கு ஒண்ணு விழும். யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?

ஈசூன் எடிட்டர்:
கேமரா அசையாம நிக்கிற ஷாட்ல தெரியாது. கேமராவைத் திருப்பிப் பேன் பண்ணுற ஷாட்ல ரெண்டரை விநாடிக்கு ஒருமுறை விக்கல் எடுக்கிற மாதிரி குதிக்கும். பக்கத்து ஃபிரேம்களைக் கலக்குற ஃபிரேம் பிளெண்டிங் போட்டா டிரம் குச்சி ரெண்டாத் தெரியும். அதுவும் ரெண்டு பதிவும் கிளிக் டிராக் (காதுல டிக் டிக்னு தாளம் கொடுக்கிற ஒலி) வச்சு வாசிச்சிருந்தாத்தான் இந்தச் சதவீதக் கணக்கே செல்லும். கிளிக் இல்லாம வாசிச்சிருந்தா வெர்ஸ்ல இழுக்கும், கோரஸ்ல ஓடும், ஒரே வேகத்துல மாத்தி எதையும் சரிபண்ண முடியாது. இண்ட்ரோவுல நாலு பார் (பாருக்கு நாலு பீட்) வெட்டியிருந்தா இன்னும் மோசம், 8 விநாடி படம் அனாதையா நிக்கும்.

சரியான வழி, ஷாட் ஷாட்டாப் பிரிச்சு, ஒவ்வொரு ஷாட்டோட நடுவுல வர்ற ஸ்நேர் டிரம் அடியை பாட்டோட ஸ்நேர்ல பூட்டுறது. மூணு விநாடி ஷாட்ல மொத்த நழுவல் 50 மில்லிவிநாடி. நடுவுல பூட்டினதால முன்னாடி 25, பின்னாடி 25. நம்ம விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்குல ஒரு ஃபிரேமே 40 மில்லிவிநாடி, அதனால கண்ணு பிடிக்காது. வேகத்தைத் தொடவே வேணாம்.

பீடோக் பேஸ்:
மூணு விநாடி ஷாட்டுக்குச் சரி. 20 விநாடி ஒரே டேக் இருந்தா?

ஈசூன் எடிட்டர்:
330 மில்லிவிநாடி நழுவும். நடுவுல பூட்டினாலும் ரெண்டு முனையிலயும் நாலு ஃபிரேம் தப்பும். அது தெரியும். அதை உடைக்கணும்.

பீடோக் பேஸ்:
அதைத்தான் நானும் சொல்றேன். கேமரா பின்னாடியிலிருந்து நடந்து வந்து பாடகர் முகத்துல நிக்கிற ஷாட்டை நீ ஏழு துண்டாக்கி நடுவுல கிட்டார் குளோசப்பைச் சொருகுவே. அப்புறம் அது வேற விடியோ.

எடிட் அர்த்தத்தையே மாத்தும்ங்கிறதுக்கு பெர்ல் ஜாம் 'ஜெரமி'யை விடப் பெரிய சாட்சி வேணுமா? மார்க் பெல்லிங்டன் எடுத்த விடியோ 1992ல எம்டிவியில வந்துச்சு. கடைசியில பையன் துப்பாக்கியைத் தன் பக்கமே திருப்புற ஷாட்டை எம்டிவிக்காக எடுத்துட்டாங்க. மிச்சம் இருந்தது உறைஞ்சு நிக்கிற மாணவர்களும் ரத்தத் துளியும்தான். அவன் வகுப்பையே சுட்டுட்டான்னு ஏகப்பட்ட பேர் நினைச்சுட்டாங்க. போனது சில விநாடி, கதை தலைகீழ். அதே விடியோ 1993ல நாலு எம்டிவி விருது வாங்குச்சு. வெட்டாத பதிப்பை அதிகாரபூர்வமா விட 2020 வரைக்கும் ஆச்சு.

தோபாயோ தாளம்:
பீடோக் அண்ணே, 'ஜெரமி'யை எடுத்தீங்க, பாதியை விட்டுட்டீங்க. அந்தப் பாட்டுக்கு முதல்ல 1991ல ஒரு விடியோ எடுத்தவர் கிறிஸ் கஃபாரோங்கிற புகைப்படக்காரர். லேபிள் பணம் தரலை. கடன் வாங்கி, வீட்டுச் சாமானையும் தன் கிட்டார்கள்ல பாதியையும் வித்துத் தானே செலவு பண்ணினார். சுழலுற மேடையில குழு வாசிக்கிற கறுப்பு வெள்ளைப் படம். அப்புறம் லேபிள் பாட்டை சிங்கிளா (தனிப் பாட்டா) விட முடிவு பண்ணி, பெல்லிங்டனைக் கூப்பிட்டுப் புதுசா எடுத்துக்கிச்சு.

நீங்க ரெண்டு பேரும் "எப்படி விடறது"ன்னு சண்டை போடுறீங்க. விடணுமான்னு யாரும் கேட்கலையே? தொலைஞ்ச விடியோ வேற, வேண்டாம்னு வச்ச விடியோ வேற. ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் '1979' படப்பிடிப்புல பார்ட்டி காட்சி டேப்பைக் கார் கூரையில மறந்து வச்சுட்டு ஓட்டிட்டுப் போயிட்டாங்க. அது தொலைஞ்சது. குழு திரும்பி வந்து காட்சியை மறுபடி எடுத்துச்சு. அந்தப் பழைய டேப் கிடைச்சா கொண்டாடலாம். ஆனா பேஸ் வாசிக்கிறவர் "என் முகம் வேணாம்"னு சொன்னதால நிறுத்தின விடியோவை, பத்து வருசம் ஆனதால மட்டும் எடுத்து விட யாருக்கு உரிமை?

காலாங் காகிதம்:
"யாருக்கு உரிமை" என்ற கேள்விக்குச் சிங்கப்பூரில் பதில் தேதியைப் பொறுத்தது. பதிப்புரிமைச் சட்டம் 2021, அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்தது. அதற்கு முன் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர் பொதுவாக எடுக்கச் சொன்னவர், அதாவது குழுவோ லேபிளோ. அதற்குப் பின், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், படத்தை உருவாக்கியவரே முதல் உரிமையாளர். ஆகவே 2015இல் எடுத்ததையும் 2023இல் எடுத்ததையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நண்பனுக்காக இலவசமாக எடுத்துக் கொடுத்தது என்றால் பழைய சட்டத்தின்படியும் கணக்கு மாறும், ஏனென்றால் அங்கே கைமாறு என்று ஒன்று இருந்திருக்க வேண்டும்.

இது படத்துக்கு மட்டும். பாடல் வரியும் மெட்டும் எழுதியவருடையது, ஒலிப்பதிவு தனி உரிமை. டெமோவுக்குப் பதில் ஆல்பம் பதிவை ஒட்டினால் லேபிளின் அனுமதி புதிதாகத் தேவைப்படலாம். ஈசூன் தம்பி சொல்லும் புது எடிட்டில் எல்லோரும் மறக்கிற இடம் இதுதான். பழைய எடிட்டில் டெமோதான் ஓடுகிறது, பெரும்பாலும் அது குழுவின் கையிலேயே இருக்கும்.

தாளத்தின் கவலைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. வாசிப்பவரும் ஆடுபவரும் நிகழ்த்துநர்கள், அவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. பழைய வாட்ஸ்அப்பில் "ஓகே லா" என்று போட்டதை ஒப்புதல் என்று நம்பாதீர்கள். பெயர், பாட்டு, எந்தத் தளங்கள், எவ்வளவு காலம், இந்த நான்கும் உள்ள ஒரு பக்கக் காகிதத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

ஈசூன் எடிட்டர்:
காகிதம் அண்ணே சொன்ன லேபிள் விசயம் ஒத்துக்கிறேன்.

ஜூரோங் டேப்:
எந்த எடிட்னு பேசுறதுக்கு முன்னாடி டேப் உயிரோட இருக்கான்னு பாருங்க. இந்த ஊர் ஈரத்துல டிரை கேபினட் (ஈரம் உறிஞ்சுற அலமாரி) இல்லாம வச்ச மினிடிவி (MiniDV, சின்ன டிஜிட்டல் கேமரா டேப்) டேப்புல பூஞ்சை சாதாரணம். கேசட்டோட கண்ணாடி ஜன்னல் வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க, சுருள் ஓரத்துல வெள்ளைப் பொடியோ நூல் மாதிரியோ இருந்தா டெக்ல (டேப் ஓட்டுற கருவியில) போடாதீங்க. ஹெட்ல ஒட்டி அடுத்த டேப்புக்கும் பரவும். பழைய ரீல் டேப்பை அடுப்புல சூடாக்குறாங்களேன்னு மினிடிவியைச் சூடாக்கக் கூடாது, அது வேற நோய், வேற டேப்.

நல்லா இருந்தா: ஒரு தடவை கடைசி வரைக்கும் ஓட்டி ரிவைண்ட் பண்ணுங்க, இழுவை சமமாகும். ஃபயர்வயர் கேபிள்ல எடுங்க, டேப்ல இருக்கிற டிஜிட்டல் பதிவு அப்படியே வரும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை கேபிள்ல எடுத்தா அனலாக் ஆக்கித் திரும்ப டிஜிட்டல் ஆக்குறீங்க, அர்த்தமே இல்லை. ஒரு மணி நேரம் சுமார் 13 ஜிபி. ஒரே டேப்பை மூணு தடவை எடுங்க. ஒவ்வொரு தடவையும் கட்டம் கட்டமா உடையுற இடம் வேற வேறயா இருக்கும். டிவிரெஸ்க்யூங்கிற இலவச மென்பொருள் மூணுலயும் நல்ல துண்டைப் பொறுக்கி ஒண்ணா சேர்த்துக் கொடுக்கும். எல்பி (நீண்ட நேரம் பதியுற மெது) வேகத்துல எடுத்த டேப் வேற கேமராவுல ஓட மறுக்கும், எடுத்த கேமராவையே தேடுங்க.

பால் டிவியில (PAL DV, நம்ம ஊர் மினிடிவி முறை) ஒவ்வொரு ஃபிரேமும் ஒண்ணுவிட்டு ஒண்ணு கோடா ரெண்டு ஃபீல்டாப் பதிஞ்சிருக்கும், கீழ் ஃபீல்டு முதல்ல வரும். மாத்திப் போட்டா அசைவெல்லாம் முன்னும் பின்னும் உதறும், "டேப் கெட்டுப்போச்சு"ன்னு நினைச்சுடுவீங்க. இந்த ஃபீல்டுப் பின்னலை (இண்டர்லேஸ்) நீக்க கியூடிஜிஎம்சிங்கிற மென்பொருள் ஸ்கிரிப்டைப் போட்டு, விநாடிக்கு 50 ஃபிரேமா வெளியே எடுங்க. மூல டிவி கோப்பை அழிக்காதீங்க.

பீடோக் பேஸ்:
ஏஐ வச்சு 4கே ஆக்குறது?

ஜூரோங் டேப்:
பால் படத்தோட 576 கோடுல முழு உடம்பு தெரியுற ஷாட்ல முகத்துக்குச் சில பத்துக் கோடுதான் இருக்கும். மிச்சத்தை அது கற்பனை பண்ணும். டிரம்மருக்கு இன்னொருத்தன் பல்லு முளைக்கும். 1080க்கு மேல போகாதீங்க.

ஈசூன் எடிட்டர்:
இன்னொண்ணு, பழைய எடிட்டை அப்படியே விட முடியாததுக்கு. வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக் கீழ்த்தளத்துல டியூப் லைட் வெளிச்சத்துல எடுத்த விடியோக்கள். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். கேமராவை அமெரிக்க மோடுல விட்டு 30 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்குற நேரம்) 1/60 விநாடின்னு எடுத்தா வெளிச்சம் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும். ஷட்டர் 1/50 இல்ல 1/100ன்னு வச்சிருந்தா தப்பிச்சிருக்கும், ஸ்லோ மோசனுக்கு 60 ஃபிரேம் எடுத்தாலும் 1/100 போதும். ஃபிரேம் முழுக்க ஒரே மாதிரி மினுங்கினா டிஃபிளிக்கர் (மினுக்கம் நீக்குற ஃபில்டர்) சரிபண்ணும். வரிசை வரிசையாப் படம் பதியுற சீமாஸ் (CMOS) சென்சார்ல கோடு கோடா கீழே இறங்குறது அவ்வளவு சுலபமா போகாது. அந்த ஷாட்டைத் தூக்கி வேற டேக் போடணும். அதுக்கு ஃபுட்டேஜ் வேணும், எடிட் பண்ணின கோப்பு மட்டும் போதாது.

பீடோக் பேஸ்:
மினுங்கினா மினுங்கட்டும். அது அந்த இரவோட அடையாளம்.

ஈசூன் எடிட்டர்:
நிலாச் சோறு சாப்பிட்ட கதை இல்லண்ணே, ஷட்டர் தப்பு.

தோபாயோ தாளம்:
ரெண்டு பேரும் திரும்பவும் அங்கேயே போறீங்க. சரி, எல்லார் கையெழுத்தும் கிடைச்சுதுன்னே வைங்க. ஒப்புதல் கேட்க அனுப்புற பிரதியே கசியும், அதுக்கு என்ன வழி?

ஜூரோங் டேப்:
நைன் இஞ்ச் நெயில்ஸ் 1993ல 'புரோக்கன்' படத்தை வெளியிடாம நண்பர்களுக்கு மட்டும் விஎச்எஸ் பிரதி கொடுத்தப்போ, டிரெண்ட் ரெஸ்னர் ஒவ்வொரு பிரதியிலயும் வேற வேற இடத்துல படத்தை அறுத்து வச்சார். எது கசிஞ்சாலும் யாரோடதுன்னு தெரிஞ்சுடும். இன்னிக்கு அதையே சுலபமா செய்யலாம்: ஆளுக்கு ஒரு பிரதி, ஒவ்வொண்ணுலயும் வேற வேற ஷாட்டை இடவலமாத் திருப்பி வைங்க. மூலையில பேர் எழுதினா வெட்டிடுவாங்க, ஷாட்டைத் திருப்பினது கண்ணுல படாது. கிட்டார், டிரம் இல்லாத ஷாட்டாப் பார்த்து எடுங்க, இடக்கைக்காரர் ஆயிடுவார்.

தோபாயோ தாளம்:
இது நல்லா இருக்கு. ஆனா காட்டி, ஒருத்தர் வேணாம்னா அதோட நிறுத்தணும். அவர் இருக்கிற ஷாட்டை மட்டும் தூக்கிட்டு மத்ததை விடறதுங்கிற பேச்சு வேணாம். நாலு பேர் குழுவுல மூணு பேரைக் காட்டுற விடியோவைப் பார்க்கிறவன் முதல்ல கேட்கிறதே நாலாவது ஆள் எங்கேன்னுதான்.

பீடோக் பேஸ்:
அதை ஏத்துக்கிறேன். எடிட் விசயத்துல ஒரு படி இறங்கி வர்றேன்: மினுங்குற ஷாட்டை மாத்திக்கோ, கலர் பார்த்துக்கோ, ஆனா ஷாட் வரிசையையும் நீளத்தையும் தொடாதே. பாட்டும் டெமோவே இருக்கட்டும், அப்போ சிங்க் (படமும் பாட்டும் ஒத்துப்போறது) பிரச்சினையே வராது, லேபிள் காகிதமும் வேணாம்.

ஈசூன் எடிட்டர்:
டெமோவோட தரம்?

பீடோக் பேஸ்:
சுமார்தான். அதனால என்ன?

ஈசூன் எடிட்டர்:
ஆல்பம் பதிவைத்தான் ஊர் முழுக்கக் கேட்டிருக்கு. சுமாரான டெமோவைப் படத்தோட சேர்த்து விட்டா "மிக்ஸ் கெட்டுப்போச்சு"ன்னுதான் முதல் கமெண்ட் வரும். லேபிள் ஒத்துக்கிட்டா நான் ஆல்பம் பதிவுதான் போடுவேன். வாய் தெரியாத நீள ஷாட்டை உடைக்காம விட்டுத் தர்றேன். முதுகு, கால், ஆம்ப், இதுக்கெல்லாம் சிங்க் கணக்கு கிடையாது. நீங்க சொன்ன 20 விநாடி டேக்லயும் கேமரா முகத்துக்கு வர்ற வரைக்கும் பாடகர் முதுகுதானே?

பீடோக் பேஸ்:
முதுகுதான். ஆனா அதே ஷாட்ல முழு நேரமும் டிரம்மர் அடிக்கிறது தெரியுதே.