காருடன் வந்த ஆல்-சீசன் டயர்: முதல் குளிர்காலம் தாங்கியது, இரண்டாவதில் ஏன் வழுக்குகிறது?

புதுவரவு (ஏஜாக்ஸ்)

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து கனடா வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு ஆகஸ்டில் எங்கள் முதல் புதிய காரை வாங்கினோம். முன்சக்கர இயக்கம் உள்ள சிறிய செடான். தொழிற்சாலையில் மாட்டி வந்த ஆல்-சீசன் டயர்கள்தான் இன்னும் இருக்கின்றன. இதுவரை 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. "பெயரிலேயே எல்லாப் பருவமும் இருக்கிறதே, வேறு டயர் எதற்கு?" என்றார் விற்றவர். போன குளிர்காலம் முழுக்க அவர் சொன்னது சரி என்றே நம்பினேன். எங்கும் சிக்கவில்லை.

இந்த டிசம்பரில் அந்த நம்பிக்கை போய்விட்டது. செவ்வாய்க்கிழமை காலை ஏழெட்டு சென்டிமீட்டர் பனி விழுந்திருந்தது. வெஸ்ட்னி சாலையில் சிவப்பு விளக்கைப் பார்த்து, போன ஆண்டு எங்கே மிதிப்பேனோ அங்கேயேதான் பிரேக்கை மிதித்தேன். மிதி காலுக்கு அடியில் கடகடவென்று அதிர்ந்தது. கார் நிறுத்தக் கோட்டைத் தாண்டி, பாதசாரிகள் கடக்கும் பட்டையின் மேல் போய் நின்றது. ஊதா நிறப் புத்தகப்பையுடன் ஒரு சிறுமி ஓரடி எடுத்து வைத்தவள், மறுபடி நடைபாதையில் ஏறி நின்றுகொண்டாள். என் கை கால் நடுங்கியது அலுவலகம் போன பிறகும் நிற்கவில்லை.

பிரேக்கைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், பழுது ஏதும் இல்லை. அதே கார், அதே டயர், அதே சாலை. என்ன மாறியது? ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறோம். இன்னும் நான்கு டயரை வைக்க இடமும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரியகார் (மார்க்கம்)

வீணாகக் கவலைப்படாதீர்கள், தம்பி. என்னிடம் இருப்பது நான்கு சக்கரமும் இயங்கும் பெரிய கார். மூன்று ஆண்டுகளாக ஆல்-சீசன்தான், ஒரு நாளும் மாட்டிக்கொண்டதில்லை. சில மணி நேரத்தில் பனி உருகச் சாலையில் உப்புத் தூவிவிடுகிறார்கள். முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டு மெதுவாகப் போனால் போதும்.

விடியற்பணி (ஸ்காபுரோ)

தம்பி, உங்கள் பிறேக்கில் பிழை இல்லை. காலுக்கு அடியில் அதிர்ந்தது ஏபிஎஸ். சில்லு இறுகி நின்றுவிடாமல் பார்ப்பது அதன் வேலை. வீதியில் பிடிப்பு இல்லாத இடத்தில் பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது. அது ரயரிலிருந்துதான் வரவேண்டும்.

நான் முதியவர்களை வீடு வீடாகச் சென்று பராமரிப்பவள். ஐந்தரைக்கு முதல் வீட்டில் நிற்க வேண்டும். பனி வாரும் வாகனம் எங்கள் தெருவுக்கு வருமுன்பே புறப்பட்டுவிடுவேன். இப்படிப் பதினான்கு குளிர்காலம் ஓடியிருக்கிறேன். முதல் மூன்றும் காருடன் வந்த ஓல் சீசன் ரயரில்தான். உங்களுக்கு நடந்ததே எனக்கும் நடந்தது: முதலாம் வருடம் ஒரு குறையும் இல்லை, இரண்டாம் வருடம் கொஞ்சம் இழுத்தது. மூன்றாம் வருடம் மோர்னிங்சைட் வீதி ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் சரிவில், மெதுவாகத்தான் வந்தேன், பிறேக்கில் கால் வைத்ததும் கார் நேரே சறுக்கத் தொடங்கியது. ஸ்ரியறிங்கைத் திருப்பினேன். முன்சில்லுகள் திரும்பின, கார் திரும்பவில்லை. நடைபாதைக் கல்லில் இடித்துத்தான் நின்றது. ரிம் வளைந்துபோனதைவிட, அன்று எண்பத்தாறு வயது அம்மா ஒருவர் என்னை எதிர்பார்த்து எட்டு மணிவரை படுக்கையிலேயே கிடந்தார் என்பதுதான் இன்றைக்கும் என் மனதை அறுக்கிறது.

என்ன மாறியது என்று கேட்டீர்கள். ரயரின் பள்ளம் தேய்ந்துவிட்டது. பனியில் ரயர் எப்படிப் பிடிக்கிறது தெரியுமா? பள்ளங்களுக்குள் பனியை அடைத்து, அடைத்த பனியால் வீதியில் கிடக்கும் பனியைப் பற்றிக்கொள்கிறது. உருண்டை பிடிக்கும்போது பனியோடு பனி ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். ரப்பர் கட்டிகளின் மேல் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் இருக்கும், அவற்றின் விளிம்புகளும் கடித்துப் பிடிக்கும். புது ரயரில் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் பள்ளம். 41,000 கிலோமீற்றர் ஓடினால் அதில் பாதியளவு போயிருக்கலாம். பல ஓல் சீசன் ரயர்களில் அந்த மெல்லிய வெட்டுகள் அடிவரை போவதில்லை, தேயத் தேய மறைந்துவிடும். எங்கள் ஒன்ராறியோ மாகாணச் சட்டம் 1.5 மில்லிமீற்றர்வரை ஓட அனுமதிக்கிறது. மழைக்கே அது போதாது. பனிக்கு 5 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் நான் நம்பமாட்டேன்.

அடுத்தது ரப்பர். ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே ஓல் சீசன் ரப்பர் விறைக்கத் தொடங்கும். வெயிலிலும் சூட்டிலும் ஒரு வருடம் கிடந்தது இன்னும் விறைக்கும். கார் செய்பவர்கள் ரயரைத் தெரிவு செய்யும்போது பெற்றோல் மிச்சம், சத்தம் குறைவு, சுகமான ஓட்டம் ஆகியவற்றையே முதலில் பார்க்கிறார்கள். அதனால் கடையில் அதே பெயரில் விற்கும் ரயரும் காருடன் வருவதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றில்லை. "எல்லாப் பருவம்" என்ற பெயருக்குள் ஜனவரி விடியற்காலையும் அடங்கும் என்று அவர்கள் சத்தியம் செய்யவில்லை.

நடுவில் கரடியும் சுற்றிலும் வெள்ளி வளையமும் உள்ள இரண்டு டொலர் நாணயம் ஒன்றை எடுத்துப் பள்ளத்துக்குள் விட்டுப் பாருங்கள். கரடியின் பாதம்வரை ரப்பர் வந்தால் புது ரயர். வெள்ளி வளையத்தை மட்டும் மறைத்தால் பாதி தேய்ந்தது. எழுத்துகள்வரைதான் வருகிறது என்றால் முடிந்துவிட்டது. நான்கு சில்லிலும் பாருங்கள். அப்படியே பக்கச் சுவரையும் பாருங்கள். எம், எஸ் என்ற எழுத்துகள் பள்ளத்தின் வடிவத்தைத்தான் சொல்கின்றன, பனியில் சோதித்ததாகச் சொல்லவில்லை. மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் பனிப்பூவும் இருந்தால்தான் பனியில் சோதனை தேறிய ரயர்.

மார்க்கம் அண்ணா, குறை நினைக்காதீர்கள். நான்கு சில்லும் சுழன்றால் புறப்படுவது சுலபம். நிற்பதற்கோ எல்லாக் காரிலும் நான்கு சில்லிலும் பிறேக் முன்பே இருக்கிறது. அதில் உங்கள் காருக்கு எந்த மேலதிக உதவியும் இல்லை, பாரம்தான் கூட. உப்பும் கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாது. பனி கடுமையாகக் கொட்டினாலும் அப்படித்தான்: 2022 ஜனவரி 17 அன்று ரொறன்ரோவின் டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலையையே மூட வேண்டி வந்தது.

மொன்றியல் சாரதி

இங்கே கியூபெக் மாகாணத்தில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம், அந்த மலைச் சின்னம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் குறைந்தது 200 டொலர் தண்டம். நான் பொதி விநியோகிப்பவன், நாளுக்கு அறுபது எழுபது தடவை நிறுத்தி எடுக்கிறேன். அக்கா சொன்னது அத்தனையும் உண்மை.

இரண்டு விடயம். காசு மிச்சம் பிடிக்க முன்னுக்கு மட்டும் இரண்டு மாற்றாதீர்கள். முன்பக்கம் நிற்கும், பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்துவிடும். வைக்க இடம் இல்லையென்றால் பல ரயர் கடைகள் கட்டணத்துக்கு வைத்துத் தரும். அதுவும் வேண்டாம் என்றால் "ஓல் வெதர்" ரயர் இருக்கிறது. ஒரு சொல்தான் வேறு, ஆனால் மலைச் சின்னம் உள்ளது, வருடம் முழுக்க ஓடலாம். பனிக்கட்டியில் தனிக் குளிர்கால ரயருக்கு ஈடாகாது, உங்களிடம் இப்போது இருப்பதைவிட மிகவும் மேல்.

பெரியகார் (மார்க்கம்)

ஸ்காபுரோத் தங்கை எழுதியதைப் படித்துவிட்டு, டார்ச் விளக்கோடு கீழே போய்ப் பார்த்தேன். பக்கச் சுவரில் மலையும் பனிப்பூவும் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் பழைய டயர் தேய்ந்தபோது கடைக்காரர் மாற்றிக் கொடுத்ததை நான் ஆல்-சீசன் என்றே நினைத்திருக்கிறேன். தம்பி, நான் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள். உங்கள் டயர் வேறு, என்னுடையது வேறு.

புதுவரவு (ஏஜாக்ஸ்)

எல்லோருக்கும் நன்றி. நாணயத்தை விட்டுப் பார்த்தேன். பின் டயர்களில் வெள்ளி வளையம் சரியாக மறைகிறது. முன் இரண்டிலும் வளையம் வெளியே தெரிகிறது. அளந்தால் 4 மில்லிமீட்டர்தான். மலைச் சின்னம் இல்லை, அந்த இரண்டு எழுத்துகள் மட்டுமே.

மனைவிக்கு ஓஷாவாவில் இரவுப் பணி. விடிவதற்கு முன் திரும்புகிறாள். அதனால் ஆல்-வெதரை விட்டுவிட்டு, நான்கு குளிர்கால டயர்களைத் தனி ரிம்முடன் வாங்கிவிட்டோம். கழற்றியதைக் கடையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் பேசினேன். 2016 முதல் ஒன்டாரியோவில் குளிர்கால டயருக்குத் தள்ளுபடி தந்தாக வேண்டுமாம். தொகை சிறியது, இருந்தாலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைதான் மாட்டுகிறார்கள். அதுவரை அவள் 'கோ' என்ற பயணியர் ரயிலில் போகிறாள், நானும் காரை எடுப்பதாக இல்லை. மாட்டிய பிறகு கவனிக்க ஏதாவது இருக்கிறதா, அக்கா?

விடியற்பணி (ஸ்காபுரோ)

நல்ல முடிவு, தம்பி. நூறு கிலோமீற்றர் ஓடியதும் கடைக்குப் போய்ச் சில்லு நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள், மறக்கவேண்டாம். காற்றைக் காலையில் கார் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள், வெப்பம் ஐந்தாறு பாகை விழுந்தால் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். அடுத்த பனி விழும் நாளில் ஆளில்லாத வாகனத் தரிப்பிடம் ஒன்றில் நீங்கள் இருவரும் நாலைந்து தடவை பிறேக் பிடித்துப் பாருங்கள். புது ரயர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று உங்கள் மனைவியின் காலுக்கும் தெரியவேண்டும்.