மேலே செருகிய ஒரு வரி

திருப்பி அனுப்பிய பொருளுக்குப் பணம் கொடுக்கலாமா என்று முடிவு செய்யும் வேலையைக் கணினியிடம் விட்டு இரண்டு வருடம் ஆகிறது. முதலில் விதி அட்டவணை: 30 நாளுக்குள் வந்ததா, பில் இருக்கிறதா என்று பார்க்கும். தேறியவற்றுக்கு ஏஐ மாடல் மோசடி ஸ்கோர் போடும். குறைவென்றால் உடனே பணம், அதிகமென்றால் நிராகரிப்பு, நடுவில் நின்றால் ஆள் பார்ப்பார்.

மாடலைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருந்தோம். சறுக்கியதோ அட்டவணை. மேலிருந்து படித்து, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும் வகை அது. முடிவு விதிகளை எழுதுவதற்கான டிஎம்என் தரத்தில் இதை 'ஃபர்ஸ்ட்' என்பார்கள். 'தள்ளுபடியில் வாங்கியதைத் திருப்ப முடியாது' என்று யாரோ ஒரு வரியை மேலே செருகிவிட்டார். கீழே இருந்த 'உடைந்து வந்தால் பணம் உண்டு' என்ற வரி பல பேருக்கு எட்டாமலே போனது. ஒரு வாடிக்கையாளர் மூன்றாவது முறை கோபமாக எழுதிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஒரு கோரிக்கைக்கு ஒரே வரிதான் பொருந்தலாம் என்னும் 'யுனீக்' வகையாக வைத்திருந்தால், இரண்டு வரி மோதுவதைச் சோதனையிலேயே பிடித்திருக்கலாம்.

பதில்: இது பழைய வியாதிதான். 1980களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வேக்ஸ் கணினி ஆர்டர்களுக்கு எந்தெந்த உறுப்புகள் வேண்டும் என்று முடிவு செய்த எக்ஸ்கான் என்ற மென்பொருளில் விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. அவற்றைப் பராமரிப்பதே தனி வேலையானது.

பதில்: எங்களுடையது கடனுக்குச் சரக்கு கொடுக்கும் முடிவு. மாடல் நிராகரித்தவருக்குச் சரக்கே போகாது. கொடுத்திருந்தால் அவர் கட்டியிருப்பாரா? அதற்குத் தரவே இல்லை. மறுபடி பயிற்சி கொடுத்தபோது, தான் தேர்ந்தெடுத்தவர்களின் கணக்கை மட்டுமே அது படித்தது. ஒதுக்கியவர்களை மேலும் ஒதுக்கியது. அறிக்கையில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது! இப்போது மறுக்கப்படுபவர்களில் நூற்றுக்கு இரண்டு பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, சின்ன வரம்போடு கொடுத்துப் பார்க்கிறோம். கணக்குப் பிரிவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. நான் விடுவதாக இல்லை.

பதில்: நடுவில் ஆள் பார்ப்பார் என்றீர்களே, நிஜமாகவே பார்த்தாரா? ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில், ஆளே இல்லாமல் இயந்திரம் மட்டும் எடுக்கும் முடிவுகளைக் கட்டுப்படுத்தும் 22-ஆம் பிரிவைக் காட்டி எங்களிடம் கேட்டார்கள். பட்டனை மட்டும் அழுத்தும் ஆள் கணக்கில் வரமாட்டார்.

தொடங்கியவர்: சரியாகப் பிடித்தீர்கள். திரையில் ஸ்கோர் தெரிந்தது. அதைப் பார்த்து அப்படியே அழுத்தினார்கள். அப்புறம், தங்கள் முடிவைப் பதிந்த பிறகே ஸ்கோர் தெரியும்படி மாற்றினோம். ஒரு கோரிக்கைக்கு ஆகும் நேரம் கூடியது. எனக்கு விழும் திட்டும் கூடியது.