தவளைக்கண் ஸ்ப்ரைட்டில் ஹயபுசா இன்ஜின்: டார்க் இல்லை என்பவர்களுக்கு

நெம்புகோல்:
பழைய கார்கள் பகுதியில் நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "பைக் இன்ஜினுக்கு டார்க்கே கிடையாது. ஸ்ப்ரைட்டில் மாட்டினால் கிளட்ச் கருகும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும்." படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒரு ஷெட்டுக்குள் மூன்று குளிர்காலம் முதுகு ஒடிய வேலை பார்த்து, தவளைக்கண் என்று செல்லமாகச் சொல்லும் சின்ன ஸ்போர்ட்ஸ் காரான 1960 ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட்டில் சுசூகி ஹயபுசா பைக்கின் இன்ஜினை மாட்டி ஓட்டிக்கொண்டிருப்பவன் நான். ஒரிஜினல் 948 சிசி இன்ஜின் 43 குதிரைத்திறன்; டார்க், அதாவது அச்சைச் சுழற்றும் விசை, 70 நியூட்டன் மீட்டர். என்னுடைய 1299 சிசி ஹயபுசாவின் டார்க் 138. எழுதியவர் இதற்குப் பதில் சொல்லட்டும். 70 பெரிதா, 138 பெரிதா?

தவளைக்கண்59:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். அந்த 138 எத்தனை ஆர்பிஎம்மில் வருகிறது? நிமிடத்துக்கு 7000 சுற்றில். என் வண்டி 3300இலேயே 70ஐக் கொடுத்துவிடும். ஹயபுசா என்பது தன்னையும் ஓட்டுபவரையும் சேர்த்து 300 கிலோ சுமக்கச் செய்தது. ஸ்ப்ரைட் காலியாகவே 660 கிலோ. லேக் டிஸ்ட்ரிக்ட்டில் ஹார்ட்நாட் பாஸ் இருக்கிறது, மூன்றடிக்கு ஓரடி ஏறும் மேடு. நடு மேட்டில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு ஆளோடு கிளப்பிக் காட்டுங்கள். அப்புறம் பேசலாம்.

நெம்புகோல்:
இன்ஜின் டார்க்கை மட்டும் பிடித்துத் தொங்கினால் எப்படி? சக்கரத்துக்கு என்ன போய்ச் சேருகிறது என்று பாருங்கள். பைக் இன்ஜினுக்குள் கிராங்குக்கும் கிளட்சுக்கும் நடுவிலேயே வேகத்தைக் குறைத்து டார்க்கைக் கூட்டும் ஒரு கியர் குறைப்பு இருக்கிறது, 1.596. முதல் கியர் 2.615. ஸ்ப்ரைட்டின் பின் ஆக்ஸிலில் இருக்கும் டிஃப் கியர் 4.22. மூன்றையும் பெருக்கினால் 17.6. ஒரிஜினல் கியர்பாக்ஸில் முதல் கியர் 3.63, ஆக்ஸிலோடு சேர்த்து 15.3. அதாவது ஹயபுசா வெறும் 70 கொடுத்தாலே உங்கள் வண்டியை விட அதிக இழுவை சக்கரத்துக்குப் போகும். அந்த 70க்கு 7000 வரை முறுக்க வேண்டியதில்லை, 3000 பக்கத்திலேயே வந்துவிடும். டார்க்கை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கோவைப் பட்டறை:
டார்க் சண்டை இருக்கட்டும் சார். ஆயிலுக்கு என்ன செய்தீர்கள்? பைக் வளைவில் சாயும், அதனால் ஆயில், இன்ஜினுக்கு அடியில் இருக்கும் தொட்டியான சம்ப்பின் அடியிலேயே கிடக்கும். கார் சாயாது. நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, ஆயிலை இழுக்கும் குழாயான பிக்கப் காற்றை உறிஞ்சும். சில நொடி போதும், கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் பிக் எண்ட் பேரிங் காலி. ஒரு ஓட்டப்பந்தய வண்டியில் இதைக் கண்ணால் பார்த்தேன். கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

நெம்புகோல்:
சம்ப்பின் ஆழத்தைக் குறைத்து உள்ளே தடுப்புத் தகடு வைத்திருக்கிறேன். ஆயில் பிரஷர் விளக்கைக் கண்ணுக்கு நேரே வைத்திருக்கிறேன். பந்தயம் என்றால் ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப்தான் சரி. நல்ல கேள்வி. ஆனால் பேச்சு டார்க்கைப் பற்றி.

தவளைக்கண்59:
ஆக்ஸில் 4.22 என்றீர்கள். அதே ஆக்ஸிலில் ஆறாவது கியரில் மணிக்கு 70 மைல் போனால் இன்ஜின் 7400இல் அலறும். மோட்டார்வேயில் அப்படியா போகிறீர்கள்?

நெம்புகோல்:
இல்லை. ஸ்ப்ரைட்டின் உடன்பிறப்பான எம்ஜி மிட்ஜெட்டின் பிந்தைய மாடலில் வந்த 3.9 டிஃப் போட்டிருக்கிறேன். 6800இல் போகும். 11,000 வரை சுற்றச் செய்த இன்ஜினுக்கு அது நடை.

தவளைக்கண்59:
அப்படியானால் 17.6 பொய்! மாட்டியிருப்பது 3.9, கணக்குக் காட்டியது 4.22க்கு. இப்படித்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் "நல்ல நிலையில் இருக்கிறது" என்று என்னிடம் ஒரு 948 இன்ஜினை விற்றீர்கள். ஹெட்டைக் கழற்றினால் மூன்றாவது சிலிண்டர் பக்கத்தில் விரிசல்.

நெம்புகோல்:
3.9க்குப் போட்டாலும் 16.3 வருகிறது. 15.3ஐ விட அப்போதும் அதிகம்தான். அந்த இன்ஜினை நீங்களே வந்து, ஓட விட்டுக் கேட்டு, பேரம் பேசி வாங்கிப் போனீர்கள். அதை இங்கே இழுக்காதீர்கள்.

ஹாரோக்காரன்:
அண்ணைமாரே, ரிவர்ஸ் எங்கே? பைக்கில் ரிவர்ஸ் கியர் இல்லையே. வீட்டு வாசலில் இறங்கித் தள்ளுவதோ?

நெம்புகோல்:
தம்பி, பழைய கியர்பாக்ஸ் இருந்த டனல் இப்போது காலி. பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நடுவில், அந்த இடத்தில் ஒரு ரிவர்ஸ் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. லீவரை இழுத்தால் ஆறு கியரிலும் பின்னால் போகலாம். பாடியில் ஒரு இடத்திலும் வெட்டவில்லை. நாளைக்கே 948ஐத் திரும்ப வைக்கலாம்.

சொல்லாய்வு:
ஐயா, டார்க் டார்க் என்று எழுதுகிறீர்களே, முறுக்குவிசை என்ற சொல் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள்.

கோவைப் பட்டறை:
பட்டறையில் முறுக்குவிசை என்று கேட்டால் பையன் டீக்கடைக்கு ஓடுவான்.

சொல்லாய்வு:
பையனுக்குச் சொல்லிக் கொடுக்காதது யார் குற்றம்?

ஹாரோக்காரன்:
நான் ஒன்று கேட்கிறேன். கிளாசிக் என்று எதைச் சொல்கிறீர்கள்? பாடியையா, இன்ஜினையா? அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீரும்.

தவளைக்கண்59:
ஹார்ட்நாட் பற்றி இன்னும் பதில் வரவில்லை. 16.3, 17.6 எல்லாம் காகிதத்தில். பைக் கிளட்ச் 660 கிலோவை மேட்டில் எத்தனை தடவை தாங்கும்? இன்னொன்றும் சொல்கிறேன். 48,987 தவளைக்கண்தான் செய்தார்கள், 1961இல் நிறுத்திவிட்டார்கள். மடங்கி எழும் விளக்கு வைக்க நினைத்து, செலவு கூடும் என்று அப்படியே பானெட்டின் மேல் வைத்ததில்தான் அந்த முகம் வந்தது. வெளியே கைப்பிடி கிடையாது, பின்னால் டிக்கி மூடி கிடையாது. 43 குதிரையை வைத்துக்கொண்டு ஒரு வளைவில் கூட வேகத்தை விடாமல் ஓட்டுவதுதான் இந்தக் காரின் சுகம். என் அப்பா ஓட்டிய வண்டி இது. அந்தச் சத்தத்தில்தான் அவரை நான் ஞாபகம் வைத்திருக்கிறேன். அதைப் பிடுங்கிவிட்டு 10,000 ஆர்பிஎம் கூச்சலை வைப்பவருக்கு இது புரியாது.

நெம்புகோல்:
அப்பாவின் வண்டியை அப்படியே வைத்திருங்கள், நானும் கும்பிடுகிறேன். என்னுடையது தரை துருவேறி, இன்ஜின் மூலையில் கிடக்க, உடைக்கப் போன வண்டி. நான் எடுக்காவிட்டால் உங்கள் 48,987இல் இன்னொன்று குறைந்திருக்கும். முன்பக்க எடையும் குறைந்து, ஸ்டியரிங் இப்போது கைக்குப் பூ மாதிரி இருக்கிறது. முன்னால் டிஸ்க் பிரேக்கும் போட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியது "டார்க்கே கிடையாது". அது தவறு. 138. அதை ஒப்புக்கொள்ளுங்கள், போதும்.

தவளைக்கண்59:
இன்ஜின் மாற்றியதும் எம்ஓடி, அதாவது பிரிட்டனின் வருடாந்திர வண்டிச் சோதனை, அதிலிருந்து உள்ள விலக்கு போயிருக்குமே? 40 வருஷம் தாண்டிய வண்டிக்குத் தரும் சலுகை, பெரிய மாற்றம் செய்தால் கிடையாது.

ஹாரோக்காரன்:
அந்த வழிகாட்டலில் சிலிண்டர் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. பழையதும் நாலு, ஹயபுசாவும் நாலு.

தவளைக்கண்59:
நாலும் நாலும் ஒன்றா? அந்த வண்டிக்குத் தொழிற்சாலையே கொடுத்த வேறு இன்ஜின் என்றால் சரி. ஸ்ப்ரைட் செய்த ஆபிங்டன் தொழிற்சாலையில் சுசூகி இன்ஜின் மாட்டினார்களா?

நெம்புகோல்:
விலக்கே நான் கேட்கவில்லை. வருஷா வருஷம் எம்ஓடிக்குக் கொண்டுபோய்ப் பாஸ் வாங்குகிறேன். உங்கள் வண்டியைக் கடைசியாக யாராவது சோதித்தது எப்போது?

தவளைக்கண்59:
பேச்சை மாற்றாதீர்கள். ஹார்ட்நாட். இரண்டு பேர். நடு மேட்டில் நிறுத்தி எடுக்க வேண்டும். வீடியோ போடுங்கள்.

நெம்புகோல்:
ஏப்ரலில் பனிக்காகச் சாலையில் உப்புப் போடுவது நின்றதும் வருகிறேன். நீங்களும் வாருங்கள். அதே மேட்டில், அதே இடத்தில், உங்கள் 70 நியூட்டன் மீட்டரோடு நிறுத்தி எடுங்கள். பக்கத்தில் கோவைப் பட்டறை சார் உட்காரட்டும், அவர் எடைக்கு ஈடான ஆளை நானும் கூட்டி வருகிறேன்.

கோவைப் பட்டறை:
டிக்கெட் யார் போடுவது? அது போகட்டும், அந்தத் தடுப்புத் தகட்டை வெல்டு செய்தீர்களா, போல்ட்டா?

தவளைக்கண்59:
என் வண்டியை அவ்வளவு தூரம் ஓட்டுவதில்லை. டிரெய்லரில் ஏற்றுவதும் இல்லை. அந்த 138 எத்தனை ஆர்பிஎம்மில் வருகிறது?

நெம்புகோல்:
முதல் பக்கத்திலேயே நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 7000. ஆனால் 3000இல் 70. திரும்பவும் படியுங்கள்.

தவளைக்கண்59:
அப்படியென்றால் 138 இல்லை.