கோடையில பாய்த்தோணியிலேயே கெடந்தவங்க யாராவது உண்டா?

பழைய கலாசி:
எஞ்சின் ஏத்தாத காலம். தூத்துக்குடி உப்போட மேற்கே போகணும், கச்சான், அதான் மேக்காத்து, விடல. மணப்பாட்டு முனைக்கு வடக்கே ஒதுங்கி நங்கூரம் போட்டுக் கெடந்தோம். அப்போ மணப்பாடும் நம்ம திருநெல்வேலி ஜில்லாதான். சித்திரை வெயில்ல பலகை காலைச் சுடும். பாயை இறக்கி நிழல் கட்டி, படுக்கை, சாப்பாடு, சீட்டாட்டம் எல்லாம் அதுக்குக் கீழதான். விடியக்காலம் கரைக்காத்து, மதியம் கடக்காத்து, தோணி அதுக்கேத்தபடி திரும்பிக்கிட்டே கெடக்கும்.

அன்னைக்குக் காத்தே இல்ல. தூங்கிட்டிருந்த எங்க தோணித் தலைவர், தண்டல், திடீர்னு எந்திச்சு, "ஏலே, கயித்தை இளக்கு. பண்டாரி, பானையை இறக்கு"ன்னாவ. கடல் எண்ணெய் ஊத்துன மாதிரி கெடக்கு. சமையக்காரப் பண்டாரி சிரிச்சான், இறக்கல. கொஞ்ச நேரத்துல பாய்மரம் ஒருச்சாஞ்சு நிமிந்து மறுபக்கம் சாஞ்சுது. மணல்பெட்டியில அடுப்பு அப்படியே நிக்கி, சோத்துப்பானை மட்டும் வழுக்கிட்டே போயி உப்பு மேல கவுந்துட்டு. கரையில நின்ன வள்ளத்தையெல்லாம் தண்ணி தூக்கி மேட்டுல வீசிட்டு. எங்களுக்குப் பானையோட சரி. தண்டலுக்கு எப்படி முன்னாலேயே தெரிஞ்சுது?

வள்ளியூர் மருமகன்:
கச்சான்தான் அண்ணாச்சி, வேற என்ன. உவரிக்கு வெளிய மச்சானோட பாய் வள்ளத்துல போயிருந்தேன். கரைக்காத்து நின்னுச்சு, வெத்தலை மடிக்கதுக்குள்ள மேக்காத்து இறங்கிட்டு. பாய் கட்டுற கம்பு, பருமல், என் தலைக்கு மேல சுத்தி வந்ததை இப்ப நெனச்சாலும் கழுத்து தானா குனியுது. ஆரல்வாய்மொழி கணவாய்க்காத்தை நம்பவே கூடாது.

கூத்தங்குழி பிள்ளை:
காத்தே இல்லன்னு அண்ணாச்சி எழுதிருக்காவ, படிக்கலியா? எங்க பெரியம்மா கருவாடு காயப்போட்டிருந்த வலையை இழுத்துட்டுப் போனப்பவும் மரத்துல இலை ஆடல. தண்ணி மோதல, ஏறி ஏறி வந்துது. அவங்க ஒரு முனையைப் பிடிச்சுட்டு இடுப்பளவு தண்ணியில "விடமாட்டேன்"னு கத்துனது இன்னும் காதுல கேக்கு. பானையோட சரின்னு அண்ணாச்சி லேசா சொல்லிட்டிய.

கப்பல்காரன்:
இது கள்ளக்கடல். எங்கயோ இந்தியப் பெருங்கடலோட தென்கோடியில புயல் அடிச்சு, அந்த அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இங்க வருது. நீளமான அலைதான் வேகமா ஓடும், அதனால முதல்ல அதுதான் வந்து சேரும். 15 விநாடிக்கு மேல இடைவெளி விட்டு, மெதுவா ஒரு தூக்கு. கண்ணுக்குத் தெரியாது, நங்கூரக்கயிறு இழுத்து இழுத்து விடும். ஆழத்துல தோணியைத் தூக்கி இறக்கிட்டுப் போயிரும், கரைகிட்ட ஆழம் குறையக் குறைய உயரும். நான் கொச்சியில ஒரு பாய்ப்படகுல தங்கியிருந்தப்ப டம்ளர் உருண்டுதான் முழிச்சேன்.

படகுல தங்குறவங்க கவனிங்க. ஆழத்தைப்போல 5லருந்து 7 மடங்கு கயிறு விடணும். தண்ணி டிரம்மைக் கட்டி வைக்கணும். பின்னால நல்லா இடம் இருக்கான்னு பாத்து நங்கூரம் போடணும். ஹைதராபாத்துல இருக்குற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் இப்ப முன்கூட்டியே எச்சரிக்கை விடுது, தினம் பாருங்க. மெதுவான ஆட்டம் தொடங்குனா கரைக்கு ஓடாதீங்க, அலை உடையுற இடத்துக்கு வெளியவே இருங்க.

பழைய கலாசி:
தண்டல் படுக்கது எப்பவும் தோணியோட முன்பக்கம், அணியத்துல, நங்கூரக்கயிறு சுத்துன கட்டையில தலையை வச்சுத்தான். சரியா வருது தம்பி. ஆனா ஏழு மடங்குக் கயித்துக்கு எந்த முதலாளி காசு கொடுத்தாரு?

கூத்தங்குழி பிள்ளை:
கயித்துக் கணக்கெல்லாம் இருக்கட்டும். வள்ளத்தைக் கரையில எம்புட்டு மேல ஏத்தி வைக்கணும்? அதை யாராவது சொல்லுங்க.