ஸ்டெப்னி இல்லாம வந்த காருக்கு ஸ்டெப்னி போட்ட அனுபவம் – டெல்டாக்காரங்க உங்க கதையையும் சொல்லுங்க

வெண்ணாத்தங்கரை:

வணக்கம் மக்களே. புதுசா கார் எடுக்கப் போறவங்க, ஏற்கனவே எடுத்தவங்க ரெண்டு பேருமே இத படிச்சிருங்க. இப்ப வர்ற நெறைய எலக்ட்ரிக் வண்டியில ஸ்டெப்னி கிடையாது. 2020 அக்டோபர்லேருந்து சட்டத்துலயே அதுக்கு எடம் குடுத்துட்டாங்க, 3.5 டன்னுக்குள்ள உள்ள கார்ல டியூப்லெஸ் டயர், காத்து குறைஞ்சா டேஷ்போர்டுல காட்டுற டிபிஎம்எஸ், கூட ஒரு பஞ்சர் கிட்டு இருந்தா போதும், ஸ்டெப்னி கட்டாயமில்ல. கிட்டுன்னா வேற ஒண்ணுமில்ல, ஒரு பாட்டில் சீலண்டு, சிகரெட் லைட்டர்ல சொருகுற ஒரு சின்ன கம்ப்ரசர். ஆணி குத்துன ஓட்டைக்கு அது வேலை செய்யும், நான் இல்லங்கல. ஆனா நம்ம ஊர்ல டயர் போறது பாதி நேரம் ஆணியால இல்லங்க, சைடுவால், அதாவது டயரோட பக்கவாட்டு, கிழிஞ்சுதான் போவுது. அதுக்கு எந்த பாட்டிலும் ஆவாது.

ஏன் சொல்றேன்னா, குறுவை அறுப்பு நேரத்துல நம்ம ரோடெல்லாம் எப்படி இருக்கும்னு வெளியூர்க்காரங்களுக்கு தெரியாது. மழை விட்டு விட்டு பெய்யும், நெல்லு ஈரம் 17 சதவீதத்துக்கு மேல போனா கொள்முதல் நிலையத்துல எடுக்க யோசிப்பாங்க, தளர்வு குடுத்தாதான் உண்டு, களத்துல எடம் பத்தாது, அப்ப சனங்க ரோட்லதான் காயப் போடணும். வண்டி ஏறிடக் கூடாதுன்னு சுத்தி செங்கல்லு, கருங்கல்லு வெச்சிருப்பாங்க. சாயங்காலம் நெல்ல வாரிட்டு போயிடுவாங்க, ரெண்டு கல்லு அங்கயே கெடக்கும். நான் விவசாயிங்கள குத்தம் சொல்லல, எங்க வீட்லயும் அதான் பண்றோம், வேற வழி கெடையாது.

அப்படி ஒரு நா ராத்திரி திருவாரூர்லேருந்து தங்கச்சி வீட்டு விசேஷம் முடிச்சு அம்மாவையும் பசங்களையும் ஏத்திக்கிட்டு வர்றேன், கொரடாச்சேரி தாண்டி உள்ள ஆத்தங்கரை ரோடு, எதுத்தாப்ல கதிரடிக்கிற மிசினு ஏத்துன லாரி வருது, ரோடு பூரா அவன்தான், நான் எடது பக்கம் ஒதுங்குனேன், டமார்னு ஒரு சத்தம். எறங்கி டார்ச் அடிச்சா முன்னாடி எடது டயரு, ரிம்முக்கும் தரைக்கும் நடுவுல ரெண்டு வெரல் நீளத்துக்கு வாய பொளந்துகிட்டு நிக்கிது, உள்ள நூலு தெரியுது. இருந்தாலும் பாட்டில மாட்டி கம்ப்ரசர போட்டேன். வெள்ளையா சோப்பு நுரை மாதிரி பொங்கி கிழிஞ்ச எடத்து வழியா அப்படியே ஊத்துச்சு, மீட்டர் முள்ளு சைபர விட்டு நவுரல.

ரோடு சைடு அசிஸ்டன்ஸுக்கு போன் போட்டா தஞ்சாவூர்லேருந்து டோயிங் வண்டி வரணும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆவும்னாங்க. அம்மாவுக்கு சுகர், மாத்திரை வீட்ல இருக்கு. அந்த வழியா குட்டியானையில வைக்கோல் எறக்கிட்டு வந்த ஒரு அண்ணன் நிறுத்தி, "என்னா தம்பி, புது வண்டியா இருக்கு, ஸ்டெப்னிய எடுங்க, அஞ்சு நிமிசத்துல மாட்டி உட்டுர்றேன்"னாரு. இல்லண்ணேன்னு சொன்னதும் அவரு வண்டிய சுத்தி ஒருக்கா நடந்து பாத்தாரு. அப்பறம் அம்மாவையும் பசங்களையும் முன்னாடி உக்கார வெச்சு வீட்ல கொண்டு போயி உட்டுட்டுதான் போனாரு, டீசலுக்கு காசு குடுத்தா வாங்கல. அந்த மனுசன் நல்லா இருக்கணும்.

சரி, ஸ்டெப்னி எப்படி போட்டேன்னு சொல்றேன், இதுதான் முக்கியம். மொதல்ல ரிம்மு. என் வண்டிக்கு டயர் சைஸு 175/65 ஆர் 14, நாலு நட்டு, பிசிடி 100 மில்லிமீட்டர். நாலு ஓட்டை ரிம்முன்னா எதிரெதிர் ஓட்டையோட நடுவுலேருந்து நடுவுக்கு அளந்தா அதான் பிசிடி. அஞ்சு ஓட்டைன்னா இப்படி நேரா அளக்க முடியாது, கடையில கேஜ் வெச்சு பாக்க சொல்லுங்க. பழைய பார்ட்ஸ் கடையில "எல்லாம் ஒண்ணுதான் சார், ஒக்காந்துரும்"பாங்க. நம்பாதீங்க. பழைய ஃபியட் பாலியோ ரிம்மு 98, நம்மளது 100, கண்ணுக்கு ஒண்ணு போலத்தான் தெரியும், நட்டு கூட ஏறும், ஆனா கோணலா உக்காந்து ஓட ஓட லூசாவும். உயிரு விசயம். நடு ஓட்டையும் பாக்கணும், அது சின்னதா இருந்தா வண்டியில வீல் உக்கார்ற ஹப்புல ஏறவே ஏறாது. ரிம்மு எவ்ளோ வெளிய தள்ளி நிக்கிதுங்கற ஆஃப்செட்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். நான் அதே கம்பெனி வண்டியோட ஸ்டீல் ரிம்ம புதுசாவே ஸ்பேர் பார்ட்ஸ்ல ஆர்டர் போட்டு எடுத்தேன், டயரு அதே சைஸு. ரிம்மு, டயரு, ஜாக்கி, ஸ்பானர் எல்லாம் சேத்து 10,000 ரூவாக்குள்ள முடிஞ்சுது.

வாங்குன கையோட முன் வீல்ல மாட்டி பாருங்க. முன்னாடிதான் டிஸ்க் பிரேக், டிஸ்க்க புடிக்கிற காலிப்பர் பெருசு, ரிம்மு உள் பக்கம் ஒரசுதான்னு கையால சுத்திப் பாக்கணும், ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சும் பாக்கணும். பெரிய டயர் வண்டிக்கு சின்ன ரிம்மு வாங்குறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். அப்பறம் நட்டு. சில வண்டியில அலாய் வீலுக்குன்னு உள்ள நட்டு ஸ்டீல் ரிம்முல சரியா உக்காராது, வாய் ஷேப் வேற இருக்கும். தனி நட்டு வேணும்னா ஒரு துணிப்பையில போட்டு ஸ்டெப்னி கூடவே கட்டி வெச்சிருங்க.

ஸ்டெப்னி இல்லாத வண்டியில பெரும்பாலும் ஜாக்கியும் இருக்காது, தனியாதான் வாங்கணும். எலக்ட்ரிக் வண்டிக்கு அடியில பூரா பேட்டரி, கண்ட எடத்துல ஜாக்கி வெச்சு தூக்கக் கூடாது. கதவுக்கு கீழ விளிம்புல ரெண்டு வெட்டு இருக்கும், மேனுவல்ல படம் போட்டிருப்பான், அங்க மட்டும்தான். இன்னொண்ணு, நம்ம ரோட்டு ஓரம் களிமண்ணு. மழை நாள்ல ஜாக்கி வெச்சா வண்டி மேல போறதுக்கு பதிலா ஜாக்கி கீழ போவும். ஆசாரிகிட்ட சொல்லி ஒரு அடிக்கு ஒரு அடி, ரெண்டு இஞ்சு கனத்துல பலகை ஒண்ணு வெட்டி வாங்கி டிக்கியில போட்டுட்டேன். இத கட்டாயம் வெச்சுக்கங்க.

வெக்கிற எடம்: சில வண்டியில டிக்கி தரைய தூக்குனா தெர்மாகோல் ட்ரே இருக்கும், அத எடுத்தா ஸ்டெப்னிக்குன்னு உள்ள குழி அப்படியே கெடைக்கும். என் வண்டியில ஆழம் பத்தல, அதனால டிக்கியில படுக்க வெச்சு லோடு லாரிக்காரங்க கட்டற ராட்செட் பெல்ட்டால கொக்கியில கட்டிருக்கேன். சும்மா மட்டும் போட்டு வெக்காதீங்க, 15 கிலோ பக்கம் இருக்கும், முன்னாடி மோதுனா அது பறந்து வந்து பின் சீட்டுல உள்ள புள்ளைங்க மேலதான் அடிக்கும். டிக்கியில பாதி போச்சுதான், பரவால்ல. ஒரு சார்ஜுக்கு ஓடுற ரேஞ்சு குறைஞ்ச மாதிரி எனக்கு தெரியல.

உங்க அனுபவத்த போடுங்க.

குடந்தை டிராவல்ஸ்:

அண்ணே, நல்ல பதிவு. நான் நவக்கிரக டூர் ஓட்றேன், காலையில திங்களூர்ல ஆரம்பிச்சா சாயங்காலம் திருநள்ளாறு போறதுக்குள்ள நல்ல ரோடு, குண்டு ரோடு, ஊருக்குள்ள சந்து எல்லாம் வந்துரும். எங்க பெரிய வண்டியில ஸ்டெப்னி அடியில செயின்ல தொங்கும். ஸ்டெப்னி இருக்குன்னு தைரியமா இருக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன், இருந்தா மட்டும் போதாது. கீழப்பெரும்பள்ளம் கோயில் வாசல்ல ஒரு வெளியூர் வண்டிக்கு ஒதவ போனேன், ஸ்டெப்னிய எறக்குற செயின் துருப்புடிச்சு இறுகிப் போயி எறங்கவே மாட்டேங்குது, அடிச்சு ஒடச்சு எறக்குனா அதுல காத்து சுத்தமா இல்ல. சனிப்பெயர்ச்சி கூட்டத்துல அந்த குடும்பம் வெயில்ல நின்னதப் பாத்து மனசு கஷ்டமாயிடுச்சு. மாசம் ஒரு தடவ மத்த டயருக்கு காத்து புடிக்கும்போதே ஸ்டெப்னிக்கும் புடிங்க, மத்ததுக்கு வெக்கிறத விட ரெண்டு மூணு பாயிண்டு கூட வெச்சா இன்னும் நல்லது. சின்ன ஸ்டெப்னின்னு ஒல்லியா மஞ்ச ஸ்டிக்கரோட வருமே, அதுக்கு 60 பிஎஸ்ஐ, 80 கிலோமீட்டர் ஸ்பீடுக்கு மேல போகக் கூடாது, ரெண்டுமே அது மேலயே எழுதியிருக்கும்.

பழைய டயரா வாங்குறவங்க சைடுல நாலு நம்பர் பாருங்க, 2319ன்னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ரோட்ல படற பட்டன் புதுசா இருக்கேன்னு ஏமாந்துராதீங்க, வருசம் போனா ரப்பர் வெடிச்சுரும்.

வேதாரண்யம் டீச்சர்:

நானும் ஸ்டெப்னி இல்லாத எலக்ட்ரிக் வண்டிதான் வெச்சிருக்கேன், ஸ்கூலுக்கு தனியாத்தான் ஓட்டிட்டு போறேன், எடையில ஆள் நடமாட்டமே இருக்காது, ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் சீமைக்கருவை. போன வருசமே ஸ்டெப்னி வாங்கிட்டேன். பொம்பளைங்களுக்காக ரெண்டு விசயம் சொல்லணும். கடையில டயர் மாத்துனா நியூமேட்டிக் கன்ன வெச்சு டர்ருனு இறுக்கிடுவாங்க, அத நம்ம கையால கழட்டவே முடியாது. "அண்ணே, கன்னு வேணாம், கடைசி இறுக்கு, அளவு வெச்சு இறுக்குற டார்க் ரென்ச்ல போடுங்க"ன்னு பக்கத்துல நின்னு சொல்லுங்க. நம்ம மாதிரி சின்ன வண்டிக்கு 100 நியூட்டன் மீட்டர் பக்கத்துலதான் வரும், சரியான கணக்கு மேனுவல்ல இருக்கும். வண்டியோட வர்ற குட்டி ஸ்பானர வெச்சுக்கிட்டு கஷ்டப்படாம நீளக் கைப்பிடி உள்ளதா வாங்குனேன், இப்ப என் வெயிட்ட போட்டாலே நட்டு விட்டுடுது. நட்ட மொதல்ல தரையில இருக்கும்போதே லூசு பண்ணிடணும், அப்பறம்தான் ஜாக்கி.

அடுத்தது உப்புக் காத்து. எங்க பக்கம் எல்லாமே துருதான். நட்ட கழட்டியும் அலாய் வீல் ஹப்போட ஒட்டிக்கிட்டு வரவே வராது, டயர்ல பக்கவாட்டுல காலால உதைச்சுதான் எடுக்கணும். அதனால டயர் ரொட்டேஷன் பண்ணும்போது ஹப்பு முகத்த கம்பி பிரஷ்ஷால தேய்க்க சொல்லுவேன். ஸ்டீல் ரிம்முக்கு ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சு பழைய அரிசி சாக்குல சுத்தி வெச்சிருக்கேன்.

வீட்டு முற்றத்துலயே ஒருக்கா மாட்டிப் பழகிக்கிட்டேன், இப்ப பயம் இல்ல.

பட்டுக்கோட்டை பஞ்சர் கடை:

எங்கப்பா காலத்துலேருந்து பஞ்சர் கடைதான். வெண்ணாத்தங்கரை அண்ணன் சொன்னது சரி, ஆனா கிட்டே வேஸ்ட்டுன்னு யாரும் தூக்கிப் போட்றாதீங்க. கருவை முள்ளு, ஆணி, தென்னந்தோப்பு வேலிக் கம்பி, இதெல்லாம் பட்டன்லதான் ஏறும், 4, 5 மில்லிமீட்டர் ஓட்டைக்கு சீலண்டு தாங்கும். ஆனா அது கடை வரைக்கும் வந்து சேரத்தான், 80க்கு மேல போகாதீங்க, அதையே நம்பி மாசக்கணக்கா ஓட்டவும் ஓட்டாதீங்க. பாட்டிலுக்கு எக்ஸ்பைரி தேதி உண்டு, யாரும் பாக்கறதில்ல.

எங்களுக்கு ஒரு உதவி பண்ணுங்க. சீலண்டு அடிச்சிருந்தா டயர கழட்றதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. சொல்லாம குடுத்தா ரிம்முல உக்கார்ற டயரு விளிம்ப, அதான் பீட, தட்டுனதும் மொகத்துல தெறிக்குது. உள்ள முழுக்க கழுவி காய வெச்சாத்தான் உள் பக்கத்துலேருந்து போடுற மஷ்ரூம் பேட்ச் ஒட்டும், டிபிஎம்எஸ் சென்சார் உள்ள இருந்தா அதையும் தொடைக்கணும், அதுக்கு கூட காசு கேட்டா கோச்சுக்காதீங்க, அரை மணி நேர வேலை அது.

என் கருத்து, டவுனுக்குள்ளயே ஓட்றவங்களுக்கு ஸ்டெப்னி அவசியமில்ல, 500 ரூவாய்க்கு ஓட்டையில ரப்பர் திரி ஏத்துற டூல் கிட்டு ஒண்ணு வாங்கி கம்ப்ரசரோட வெச்சுக்கிட்டா போதும். முள்ளு குத்துனா உடனே புடுங்காதீங்க, முள்ளு இருக்கற வரைக்கும் காத்து மெதுவாத்தான் எறங்கும், கடைக்கு வந்துரலாம். ஆனா உள் கிராமம், ராத்திரி ஓட்டம், வயசானவங்க வீட்ல இருக்காங்கன்னா ஸ்டெப்னி வேணும்.

திருத்துறைப்பூண்டி சிஎன்ஜி:

என் பிரச்சனை வேற. வெளியில சிஎன்ஜி கிட்டு போட்டேன், டிக்கியில சிலிண்டர் வந்து உக்காந்துருச்சு, ஸ்டெப்னி அதுக்கு அடியில மாட்டிக்கிச்சு. சிலிண்டர கழட்டாம எடுக்க முடியாது, அத நாம தொடவும் கூடாது. யாராவது மேல கேரியர்ல வெச்சிருக்கீங்களா? அப்பறம் ஸ்டெப்னிய மாட்டுனா டிபிஎம்எஸ் லைட்டு எரியுமா?

வெண்ணாத்தங்கரை:

தம்பி, ஸ்டெப்னியில சென்சார் இல்லன்னா மாட்டுன பிறகு லைட்டு எரியத்தான் செய்யும், பயப்படாதீங்க, பழைய டயரு திரும்ப ஏறுனதும் போயிரும். மேல கேரியர் எனக்கு புடிக்கல, 15 கிலோவ ராத்திரி தனியா தலைக்கு மேலேருந்து எறக்குறது கஷ்டம், வெயில்ல டயரும் கெடும். கம்பெனி சிஎன்ஜி வண்டிகள்ல சிலதுல ஸ்டெப்னிய சிலிண்டர் பக்கத்துல நிமித்தி வெச்சு ஒரு ஸ்டாண்டுல போல்ட்டு போட்டிருப்பாங்க, அந்த ஸ்டாண்டு உங்க மாடலுக்கு கெடைக்குதான்னு கேளுங்க, கெடைக்கலன்னா கிட்டு போட்ட அங்கீகாரம் உள்ள சென்டர்லயே செஞ்சு குடுக்க சொல்லுங்க. லேத்து பட்டறையில குடுத்து சிலிண்டர் பக்கத்துல வெல்டிங் மட்டும் வெச்சிராதீங்க.

டயர் சைஸ் கொஞ்சம் வித்தியாசம் உள்ள ஸ்டெப்னி வெச்சிருக்கறவங்க, அத முன்னாடி மாட்டாதீங்க. முன் டயரு போனா பின்னாடி உள்ள நல்ல டயர எடுத்து முன்னாடி போட்டுட்டு ஸ்டெப்னிய பின்னாடி போடுங்க, முன் வீல் இழுக்குற வண்டிக்கு அதான் நல்லது. வேலை ரெட்டிப்புதான், பலகை இருந்தா சிரமம் தெரியாது.

பட்டுக்கோட்டை தம்பி, சீலண்டு பத்தி சொன்னது எனக்கு புதுசு, நன்றி. கும்பகோணம், மன்னார்குடி பக்கம் சிஎன்ஜி வண்டிக்கு நிமித்தி வெக்கிற ஸ்டாண்டு போட்டவங்க யாராச்சும் இருந்தா எந்த மாடலு, டிக்கியில எவ்ளோ எடம் மிஞ்சுதுன்னு போட்டோவோட போடுங்க, திருத்துறைப்பூண்டி தம்பிக்கு ஒதவும்.