சாவி வெளியே வராமல் மலையில் மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

கோத்தகிரிக்காரன்:
குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு இறக்கம். பழைய ஆட்டோமேட்டிக் வண்டி. கியர் லீவரை 'பி'யில் (பார்க்கிங்) போட்டாயிற்று, இன்ஜினும் நின்றுவிட்டது, சாவி மட்டும் ஏசிசி-யைத் (இன்ஜின் நின்றாலும் ரேடியோ போன்றவற்றுக்குக் கரண்ட் போகும் நிலை) தாண்டித் திரும்ப மாட்டேன் என்கிறது. பக்கத்தில் அம்மா. டாக்டர் கிளம்புவதற்குள் போயாக வேண்டும். மழை வேறு. சாவியைத் தொங்கவிட்டுப் போக எப்படி மனசு வரும்? ஓரமாகப் பூக் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "நீங்க கூட்டிட்டுப் போங்க தம்பி, வண்டி எங்கயும் போகாது" என்று சொல்லி, முக்காலியைத் தூக்கிவந்து டிரைவர் கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். கூடையும் குடையும் அங்கேயே வந்துவிட்டன. நாங்கள் திரும்பும்வரை எழுந்திருக்கவில்லை. காசு நீட்டினேன், வாங்கவில்லை.

அப்புறம் மெக்கானிக் வந்து லீவரை முன்பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டே சாவியைத் திருப்பினார், வந்துவிட்டது. என் வண்டியில் லீவருக்கு அடியில் குட்டி ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. அது சரியாக அழுந்தாவிட்டால் 'பி'யில் நிற்பது பூட்டுக்குத் தெரியாதாம், சாவியை விடாதாம். இன்னமும் அந்தப் பக்கம் போனால் என் கண் அந்த முக்காலியைத்தான் தேடுகிறது.

வத்தலக்குண்டு டாக்ஸி:
ஸ்விட்செல்லாம் கிடக்கட்டும் அண்ணா, முக்கால்வாசி ஸ்டீயரிங் லாக்தான். கொடைக்கானல் சீசன், வெள்ளி அருவி. 2024 மே 7-லிருந்து இ-பாஸ் வந்த பிறகும் அங்கே நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. முன்சக்கரத்தைப் பாறைப் பக்கம் ஒடித்து நிறுத்தியிருந்தேன். திரும்பி வந்து சாவியைப் போட்டால் திரும்பவும் இல்லை, உருவவும் முடியவில்லை. பின்னால் ஹாரன். சவாரி வந்தவர் என் டூல்ஸ் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துச் சாவியின் கழுத்தைப் பிடித்துவிட்டார். அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். சாவி உள்ளே முறிந்தால் குழந்தைகளோடு ராத்திரி அங்கேதான். இடது கையால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டே வலது கையால் பொறுமையாகத் திருப்பினேன், விட்டுவிட்டது. அவர் ஊர் போய்ச் சேரும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஊட்டி ஒர்க்‌ஷாப்:
டாக்ஸி தம்பி, உங்கள் விஷயம் வேறு, கோத்தகிரிக்காரர் விஷயம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். சக்கரம் ஒரு பக்கம் திரும்பியபடி நின்றால் ஸ்டீயரிங் லாக்கின் பின் மேல் பாரம் ஏறும், சாவி திரும்பாது. ஆட்டினால் போதும். ஆட்டோமேட்டிக்கில் ஏசிசி-யோடு நின்றால் எவ்வளவு ஆட்டினாலும் பிரயோஜனமில்லை.

என் கதை சின்னது: தொட்டபெட்டா போகும் வழியில் ஒருவர் இப்படியே சாவியை ஏசிசி-யில் விட்டுப் போய், நான் போய்ச் சேர்ந்தபோது பேட்டரி செத்துக் கிடந்தது. சில வண்டிகளில் சாவிப் பூட்டு கரண்டில் வேலை செய்யும். பேட்டரி செத்தால் சாவி அதனாலேயே மாட்டும். வேறு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்ததும் வந்துவிட்டது. உடனே ரிப்பேர் பார்க்க முடியாதவர்கள் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வையுங்கள்.

மலையில் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் நிறுத்தும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டும். கால் பிரேக்கை மிதி, 'என்'னில் (நியூட்ரல்) போடு, ஹேண்ட் பிரேக்கை இழு, காலை எடுத்து வண்டி ஹேண்ட் பிரேக்கில் உட்காரட்டும், மறுபடி மிதித்து 'பி'யில் போடு. நேரே 'பி' போட்டால் மொத்த வண்டியும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும். எடுக்கும்போது 'டங்' என்று சத்தம் வருவது அதனால்தான். சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டில் விட்டுப் போகாதீர்கள். பைக்காரன் விழுவான்.

இன்னொன்று, இது உயிர் விஷயம். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு. பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து இறக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பவர் ஸ்டீயரிங் போகும், இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும், சாவி லாக் வரை போனால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். பூட்டு தேய்ந்த வண்டியில் ஓடும்போது சாவியைத் தொடவே தொடாதீர்கள். பூட்டுக்குள் தேங்காய் எண்ணெயும் விடாதீர்கள், தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். கிராஃபைட் பொடி போடுங்கள்.

பூம்பாறை மருமகள்:
பொடி போட்டும் எங்கள் வண்டியில் சாவி வரவில்லை அண்ணா. கொடைக்கானலில் கடையை மூடிவிட்டுக் கிளம்புகிற நேரம், பத்தடியில் காட்டுமாடு ஒன்று நின்று மூச்சு விடுகிறது. சாவி பாதியில் நிற்கிறது, ஸ்டார்ட்டும் ஆகவில்லை. மாமனார் பின்சீட்டிலிருந்து, "ஹாரன் அடிக்காதம்மா, லைட்டையும் போடாத, அது பாட்டுக்குப் போகும்" என்று மெதுவாகச் சொன்னார். போனது. அவர்தான் அப்புறம் சாவியைச் சீலையால் துடைத்து, சாவி நுனியை விரலால் தடவிப் பார்த்து, "பல்லே இல்லையேம்மா இதுல" என்றார். தேய்ந்த சாவியைக் கொடுத்து நகல் எடுத்தால் நகலும் தேய்ந்ததாகவே வரும். பீரோவில் வண்டியோடு வந்த இரண்டாவது சாவி பிரிக்காமல் கிடந்தது, அதை வைத்துப் புதுச் சாவி வெட்டினோம். பூட்டை மாற்றச் சொன்னவர்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. கோத்தகிரி அண்ணா, உங்களுக்கு ஸ்விட்சை மட்டும் மாற்றினார்களா, லீவர் செட்டையே மாற்றச் சொன்னார்களா? என் தம்பி வண்டியில் இப்போது அதே தொல்லை.