டல்லாஸா, ஸ்டுட்கார்ட்டா? இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

செக்காலைப் பையன்

வணக்கம். சொந்த ஊர் காரைக்குடி. படித்ததும் அங்கேயே, அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரியில். இப்போது சென்னையில் கார்களுக்கு மென்பொருள் எழுதும் வேலை. கம்பெனியில் இரண்டு இடம் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் டல்லாஸ் என்றால் வருடம் 1,25,000 டாலர். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் என்றால் 75,000 யூரோ. மனைவி ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறாள். மகளுக்கு மூன்று வயது.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அப்பச்சி, "இதில் யோசிக்க என்ன இருக்கு, டாலர்தான்" என்கிறார். நெதர்லாந்தில் இருக்கும் சித்தப்பா மகன் நிம்மதி வேண்டுமென்றால் ஐரோப்பா என்கிறான். நிம்மதியை எந்தப் பற்றில் எழுதுவது என்று அவன் சொல்லவில்லை. கையில் எவ்வளவு நிற்கும், வாழ்க்கை எப்படி இருக்கும், இரண்டையும் சொல்லுங்கள்.

பிளானோ வாசி

தம்பி, நான் இருப்பது டல்லாஸை ஒட்டிய பிளானோ. காசுதான் கேள்வி என்றால் டல்லாஸ், பேச்சே இல்லை. டல்லாஸ் இருக்கும் டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. கணவன் மனைவி சேர்த்து வரி கட்டினால், மருத்துவக் காப்பீடு பிடித்தது போக மாதம் 8,000 டாலரை ஒட்டிக் கைக்கு வரும். நீங்கள் சொன்ன யூரோ சம்பளத்தில் 4,200 யூரோ வந்தால் அதிகம்.

ஆயுள் கணக்கைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். 2023-இல் அமெரிக்காவில் சராசரி ஆயுள் 78.4, ஜெர்மனியில் 81-ஐ ஒட்டி. உண்மைதான். ஆனால் துப்பாக்கியில் செத்தவன், போதை மருந்தில் செத்தவன், காப்பீடே இல்லாதவன் எல்லாரும் சேர்ந்த சராசரி அது. நல்ல வேலையில் இருக்கும் பொறியாளர் வீட்டுக் கணக்கு வேறு.

எந்த விசா என்று முதலில் கேளுங்கள். எல்-1 (கம்பெனிக்குள்ளேயே இடம் மாற்றி அனுப்பும் விசா) என்றால் உங்கள் மனைவி தனி அனுமதிக்குக் காத்திருக்காமல் வேலைக்குப் போகலாம். ஹெச்-1பி (வழக்கமான வேலை விசா) என்றால் உங்கள் கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) மனு ஒரு கட்டம் தாண்டும் வரை அவர் வீட்டில்தான்.

தேவகோட்டை ஆச்சி

முதலில் டெக்சாஸ், இப்போது ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் எஸ்லிங்கன். இரண்டு ஊர் உப்பையும் தின்றவள் என்பதால் எழுதுகிறேன்.

பிளானோ அண்ணன் சொன்ன எண்கள் சரி. இங்கே வந்து முதல் சம்பளச் சீட்டைப் பார்த்த இவர், ஒன்றும் பேசாமல் நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஓய்வூதியம், மருத்துவம், வேலையின்மை, முதுமைப் பராமரிப்பு என்று நான்கு பிடித்தம், அதற்கு மேல் வரி.

சரி, அந்த 8,000 டாலரில் என்ன மிஞ்சும்? கார் இரண்டு வேண்டும், பால் வாங்கக்கூட வண்டியை எடுக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையை டேகேரில் விட்டால் மாதம் ஆயிரம் டாலரைத் தாண்டும். அப்புறம் ஆஸ்பத்திரி. என் மகன் பிறந்தது டெக்சாஸில். காப்பீடு இருந்தது, நல்ல காப்பீடுதான். வீட்டுக்கு வந்த பிறகு தபாலில் பில் ஒவ்வொன்றாக வந்து இறங்கியது. ஆஸ்பத்திரிக்கு ஒன்று, மயக்க மருந்து கொடுத்தவருக்கு ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று. கடைசியில் பிள்ளை பேரிலேயே ஒன்று. அவனுக்கு நாங்கள் இன்னும் தொட்டிலே கட்டவில்லை, உறையில் 'பேபி பாய்' என்று அச்சடித்து வந்துவிட்டது. எதைக் காப்பீடு கட்டும், எதை நாங்கள் கட்ட வேண்டும் என்று பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு போனில் மல்லுக்கட்டிய நாட்கள் கொஞ்சமல்ல.

மகள் இங்கே பிறந்தாள். மருத்துவச்சி வீட்டுக்கே வந்தார். பிள்ளையைத் துணியில் போட்டு, கொக்கித் தராசில் மாட்டித் தூக்கி எடை பார்த்தார். எங்களுக்குப் பில் எதுவும் வரவில்லை. பின்னால் இவருக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் நாங்கள் கட்டியது நாளுக்கு 10 யூரோ. இலவசம் என்று நினைக்காதீர்கள், மாதாமாதம் பிடித்த காசுதான் அது. ஆனால் பிடித்ததோடு முடிந்தது, பிறகு யாரும் துரத்த மாட்டார்கள். நான் வேலைக்குப் போகாத வரை, இவருடைய அரசுக் காப்பீட்டிலேயே தனிக் கட்டணம் இல்லாமல் நானும் பிள்ளைகளும் இருந்தோம். பிள்ளைக்கு அரசு கொடுக்கும் பணம் வேறு, 2025-இல் தலைக்கு மாதம் 255 யூரோ.

விடுமுறை சட்டப்படி குறைந்தது நான்கு வாரம், கம்பெனிகளில் 28, 30 நாள் சாதாரணம். அமெரிக்காவில் சம்பளத்தோடு விடுமுறை கொடு என்று தனியார் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டமே கிடையாது. பேறுகாலத்துக்கு 1993-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல்.

இங்கேயும் இடி உண்டு. தோல் டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்கலாம். விசா அலுவலகத்துக்குப் போட்ட மின்னஞ்சல் கிணற்றில் போட்ட கல். டெக்சாஸில் எங்களோடு இருந்தவர்கள் எல்லாம் இன்று தோட்டம் வைத்த சொந்த வீட்டில் இருக்கிறார்கள். நாங்கள் மூன்றாம் மாடியில் வாடகைக்கு, லிஃப்ட் கிடையாது.

இதையெல்லாம்கூடப் பொறுக்கலாம். டெக்சாஸுக்கு வந்த என் ஆத்தாவால் ஒரே தடவையில் ஆறு மாதம் இருக்க முடிந்தது. இங்கே ஷெங்கன் விசாவில் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா) 180 நாளுக்கு 90 நாள்தான். மகள் குப்புற விழுவதைப் பார்க்காமலே ஆத்தா பிளேன் ஏறினார்கள். இந்த ஊர்ச் சலுகை எதுவும் எனக்கு அதை ஈடுகட்டவில்லை.

பள்ளத்தூர் பெரியவர்

நான் இரண்டு தேசத்தையும் பார்த்ததில்லை. ஆனால் வெளியே போய்ச் சம்பாதித்தவர்களின் கணக்குப் பேரேடு எங்கள் வீட்டில் கிடக்கிறது. எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடன் கொடுத்து வாங்கும் தொழிலுக்குப் போனவர். மூன்று வருஷத்துக்கு ஒரு கணக்கு. முடித்துக்கொண்டு ஊருக்கு வருவார், கொஞ்ச காலம் இருந்துவிட்டு மறுபடி கப்பல். அப்பத்தாவும் பிள்ளைகளும் பள்ளத்தூரிலேயே. ரங்கூனில் விடுமுறை உண்டா, வைத்திய வசதி உண்டா என்று ஐயா யோசித்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? சம்பாத்தியம் அங்கே, வாழ்க்கை இங்கே. வீட்டுத் தேக்குத் தூண்களும் அந்தப் பணத்தில் வந்தவைதான்.

எங்கள் நகரத்தாரிடம் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வாங்கிய கடனை 1930-களின் மந்தத்தில் கட்ட முடியாத பர்மாக்காரர்கள் நிலத்தைக் கொடுத்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப் பர்மா விளைநிலத்தில் கால் பங்கு நகரத்தார் கையில். ஏட்டில் மலைபோல ஆஸ்தி. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், அப்புறம் அந்த ஏட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஐந்தொகையில் (சொத்து-கடன் கணக்கில்) ஆஸ்தியை மட்டும் படிக்கக் கூடாது, அது யார் தயவில் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

தம்பி, திரும்பி வரப் போகிறீர்களா? வருவதானால் டல்லாஸ். சேர்த்துக்கொண்டு வந்துவிடுங்கள். அங்கேயே இருக்கப் போவதானால் ஆச்சி சொல்லும் ஊர். எங்கள் வளவில் பதினோரு புள்ளி (குடும்பம்), முன்னோருக்குப் படைக்கும் நாளில்கூட நாலு புள்ளிதான் வருகிறது. அதனால் முதலில் இதைத்தான் கேட்கத் தோன்றுகிறது.

தேவகோட்டை ஆச்சி

ஐயா சொல்வது நியாயம். ஆனால் அந்தக் காலத்தில் பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள், அதனால் அப்பச்சிமார் திரும்பி வந்தார்கள். இப்போது பிள்ளையையும் தூக்கிக்கொண்டல்லவா போகிறோம். டெக்சாஸில் 'அஞ்சே வருஷம்' என்று வந்தவர்களில் ஊர் திரும்பியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வர யாருக்கு மனசு வரும்? ஆகவே, இருக்கப் போகிறோம் என்று வைத்தே கணக்குப் போடுங்கள், தம்பி.

எல்-1 அந்தக் கம்பெனியோடு கட்டிய விசா. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அங்கே தங்கலாம். கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு, உங்களைப் போன்ற இந்தியப் பொறியாளர்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் வரிசை. இங்கே ப்ளூ கார்டு (படித்த வெளிநாட்டுப் பணியாளருக்கான வேலை அனுமதி) எடுத்தவருக்கு ஏ1 (ஆரம்ப நிலை) ஜெர்மன் இருந்தால் 27 மாதத்தில், பி1 (நடு நிலை) இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை. என் ஓட்டு ஸ்டுட்கார்ட்டுக்கு. சொந்த வீட்டு ஆசை பெரிதாக இருந்தால் மட்டும் மறுபடி யோசியுங்கள்.

செக்காலைப் பையன்

எல்லாருக்கும் நன்றி. விசா எல்-1தான் என்றார்கள். இந்த இழையை மனைவி உட்கார்ந்து முழுதும் படித்தாள். ஆச்சியிடம் அவளுக்கு ஒரே கேள்வி: ஜெர்மனியில் கணக்கு வேலை கிடைக்குமா?

தேவகோட்டை ஆச்சி

சட்டப்படி வந்ததிலிருந்தே வேலை பார்க்கலாம். ஆனால் கணக்கு அலுவலகங்களில் ஜெர்மன் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், பி1-க்கு அடுத்த பி2 வரையாவது வேண்டும். ப்ளூ கார்டுக்காரர் மனைவிக்கு விசா வாங்க மொழித் தேர்வு கட்டாயமில்லை. இருந்தாலும் இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இங்கே வந்து பிள்ளையையும் பார்த்துக்கொண்டு படிப்பது பெரும்பாடு, நான் பட்டேன்.

இன்னொன்று. இங்கே உள்ள கம்பெனியோடு நேரடி ஒப்பந்தமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐசிடி கார்டில் (இந்தியக் கம்பெனி ஊழியராகவே தற்காலிகமாக மாற்றி அனுப்பும் அனுமதி) அனுப்பிவைத்தால் மூன்று வருஷத்தில் திரும்ப வேண்டும், நான் சொன்ன 21 மாதக் கணக்கு அதற்குப் பொருந்தாது. அப்படியே சம்பளம் 80,000 யூரோவும் கேட்டுப் பாருங்கள்.